சமத்துவ விருந்து

செல்வக்கனியின் மணிக்கட்டில் பேரூராட்சி அலுவலர் பதற்றத்தை அளக்கும் பட்டையை மாட்டினார். மேலத்தெரு வீட்டில் அவள் பதற்றமில்லாமல் சாப்பிட்டால் பட்டை பச்சையாகும். ஊருக்குச் சமத்துவ நிதி வரும். அதில்தான் அவள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய்.

வீட்டுக்காரர்களுக்கு எவர்சில்வர் தட்டு. அவளுக்கு மட்டும் வாழையிலை.

“விருந்தாளிக்கு இலைதாம்மா மரியாதை,” என்றார் வீட்டுக்கார அம்மாள்.

இலையென்றால் தூக்கி எறிந்துவிடலாம். தட்டென்றால் நாளை அதில் அவர்களே சாப்பிட வேண்டும். செல்வக்கனிக்குப் புரிந்தது. பட்டை சிவந்தது.

“குழாய் வேணுமா வேண்டாமா?” அலுவலர் அவள் காதோரம் முணுமுணுத்தார்.

அவள் கண்களை மூடி, தன் வீட்டில், தன் தட்டில் சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டாள். பட்டை பச்சையானது.

“அடுத்த மாசமும் இந்தப் பொண்ணையே அனுப்புங்க சார்,” என்றார் அம்மாள். “நல்லாப் பழகிருச்சு.”