வினிகரில் நாலு தடவை

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை காலை. மருத்துவமனையின் கீழ்த்தளச் சமையலறையில் ஃப்ரீசர் நின்று இரண்டு நாளாகிறது. குழல்விளக்கின் கீழே, தொட்டி நிறையக் கோழித்துண்டுகள் பச்சை பாரித்துக் கிடக்கின்றன. ஒன்றை எடுத்தால் விரலோடு கோழைபோல் நூல் இழுக்கிறது. சமையல்கார அம்மாள் அதைத் திரும்பத் தொட்டியிலேயே போடுகிறாள். "வினிகர்ல நாலு தடவை அலசி, காரத்தைத் தூக்கலாப் போடுங்கக்கா," என்கிறார் மேற்பார்வையாளர். "நோயாளிங்க சாப்பிடறது சார். பாவமில்லையா?" "பாவம் புண்ணியமெல்லாம் அவங்கவங்க மனசப் பொறுத்ததுக்கா. உங்களுக்கு நாறுது, எனக்கு நாறல. இதுல யார் சொல்றது சரி?" இவ்வளவையும் அவர் வாசலுக்கு வெளியே நின்றபடி, மூக்கை அழுத்திய கைக்குட்டைக்குள்ளிருந்து சொல்கிறார். "நாறலேன்னா அந்தத் துணிய எடுத்துட்டு உள்ள வாங்க சார். முதல் தடவை நீங்க அலசுங்க, மீதி மூணும் நான் அலசறேன்." அவர் காது சிவக்கிறது. "வாய் ரொம்ப நீளுது. வேலை வேணுமா, வேணாமா?"

அவள் தொட்டியைக் குப்பைப் பீப்பாயில் சாய்க்கிறாள். துண்டுகள் சதக் சதக்கென்று விழுகின்றன. யாரும் திரும்ப எடுத்துவிடாதபடி மேலே ஒரு புட்டி பினாயிலை ஊற்றுகிறாள்.

மதியம் நோயாளிகளுக்கு ரொட்டியும் வேகவைத்த காய்கறியும் போகின்றன. மூன்று மணிக்கு அவள் பணிநீக்கக் கடிதத்தில் கையெழுத்திடுகிறாள். காரணம் என்ற இடத்தில், 'உணவுப்பொருளை வீணாக்கியது' என்று எழுதியிருக்கிறது.