ஐந்தாவது கதவு

அந்த மாடியில் கதவுகள் நான்குதான். ஆனால் அவள் எழுதிய பூட்டு மென்பொருளோ, காலையிலிருந்து ஐந்து என்றே ஒற்றைக் காலில் நின்றது.

மென்பொருளில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கிளாஸ், அதாவது ஒரு வார்ப்பு. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தாய் கிளாஸ். ஒரு கதவு உருவாகும்போது முதலில் தாயின் கன்ஸ்ட்ரக்டரை, அதாவது உருவாக்கும் கட்டளையை, அழைக்க வேண்டும், ஒரே ஒரு முறை. அதுதான் பூட்டை மாட்டி, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். கடைசிக் கதவில் அதை இரண்டு முறை அழைத்திருந்தாள். தலையில் அடித்துக்கொண்டு உபரி வரியை நீக்கினாள். திரை நான்கு என்றது.

உடனே தொலைபேசி அடித்தது. மாடிக் காவலாளி.

"மேடம், அஞ்சாவது கதவைக் காணோமே?"

"அப்படி ஒரு கதவே கிடையாதே அண்ணே."

"இப்பதானே நம்ம குச்சி சார் அது வழியா உள்ள போனாரு. சுவத்துக்குள்ளேருந்து தட்டுற சத்தம் கேக்குது."

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஒல்லி உடம்புக்காக எல்லோரும் குச்சி என்று கூப்பிடும் அவன், டீ குடிக்கச் சற்று முன்புதான் எழுந்து போயிருந்தான்.

அவள் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். நீக்கிய வரியை மறுபடி எழுதினாள். திரை ஐந்து என்றது.

"கதவு வந்துருச்சு மேடம். அப்பாடா, அவரும் வெளிய வந்துட்டாரு."

அவளுக்குப் போன உயிர் திரும்பியது. காவலாளி ஏனோ ரிசீவரை வைக்கவில்லை.

"மேடம்," என்றார், குரலைத் தாழ்த்தி. "ரெண்டு குச்சி சாரும் உங்க இடத்துக்குத்தான் வர்றாங்க."