நேராக இறங்கிய நீலம்

மலர்க்கொடியின் பெயர் ஒட்டிய கண்ணாடிக் குழாயில் நீலச் சாயம் ஒரே மட்டமாக, மோதிரம் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அன்புக்கரசிக்கு வயிறு எரிந்தது. பேரில் இருக்கிற அன்பு அன்றைக்கு லீவு போட்டிருந்தது.

பக்கத்தில் அன்புக்கரசி பெயர் ஒட்டிய குழாய். உள்ளே ஜெல் முழுக்கக் குமிழி. சாயம் கோணல்மாணலாக ஒழுகியது.

திருவொற்றியூரில் அந்த என்சைம் கம்பெனியில் இருவரும் தற்காலிக ஊழியர்கள். புரதங்களைப் பெரிசு, சிறிசு என்று பிரித்துத் தரும் ஜெல்லை ஆளுக்கு ஒரு குழாயில் நிரப்பச் சொல்லியிருந்தார் மேனேஜர். மதியம் வந்து பார்ப்பார். யாருடையது சரியாக ஓடுகிறதோ அவளுக்கு வேலை நிரந்தரம். மற்றவள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

நேற்று சாயங்காலம் நிரப்பிவிட்டு இருவரும் கிளம்பிய பிறகு கரண்ட் போய்விட்டது. அட்டெண்டர் நீலமேகம்தான் இரண்டு குழாய்களையும் ஜெனரேட்டர் உள்ள பக்கத்துக் கட்டடத்தின் குளிர் அறைக்குத் தூக்கி வந்திருந்தார். காலையில் முதல் ஆளாக வந்த மலர்க்கொடி இரண்டிலும் சாயத்தை ஊற்றி வைத்துவிட்டாள். அந்த உபகாரம் வேறு!

அன்புக்கரசி இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். சாயம் ஊற்றும்போது ஜெல் கலங்காமல் இருக்க, அதன் தலையில் வட்டமாக வெட்டிய வடிதாள் போட்டிருந்தது. அது அவளே கண்டுபிடித்து, யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த வித்தை. ‘ஒளிஞ்சிருந்து பார்த்து அதையும் காப்பி அடிச்சிட்டாளே, பாவி!’

“இன்னாக்கா, என் குழாயையே மொறைச்சிகினு நிக்கிற? கண்ணு படப் போவுது!” மலர்க்கொடி சிரித்துக்கொண்டே வந்தாள்.

“அழகா கீதேன்னு பார்த்தேன்டி. நீ போய் சாப்டு, நான் வந்துகினே இருக்கேன்.”

நேற்று வந்தவளுக்கு நிரந்தரம், இத்தனை வருஷம் ஆசிட்டில் கை வெந்தவளுக்கு வாசலா? அன்புக்கரசிக்குப் பொறுக்கவில்லை. மலர்க்கொடியின் செருப்புச் சத்தம் அடங்கியதும், மேலேயிருந்து திரவம் வரும் டியூபைக் கிளிப் போட்டு அடைத்தாள். குழாயின் அடியில் இருந்த திருகை முழுக்கத் திறந்துவிட்டாள்.

ஜெல் ஒரு தடவை காய்ந்துவிட்டால் தீர்ந்தது கதை. அந்தப் பிரம்மாவே வந்தாலும் அதை ஓட்ட முடியாது. அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு அவளுக்கு அமிர்தமாக இறங்கியது.

சாப்பாடு முடிந்ததும், இடுப்பில் புது செல்போனை மாட்டிய மேனேஜர் முன்னால் நடக்க, இருவரும் பின்னால் போனார்கள். குளிர் அறைக்குள் காலெடுத்து வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மலர்க்கொடி பெயர் ஒட்டிய குழாயில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஜெல் சுருங்கி, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

“அய்யய்யோ, இன்னாடி இது! தெறந்து வுட்டுட்டா சாப்ட வந்தே?” அன்புக்கரசி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

மேனேஜர் முகம் சிவந்தது. “குமிழி வந்தாக்கூட மன்னிச்சிடுவேன். காய விட்டா மன்னிக்கவே மாட்டேன். இது யாருதோ, அவ இப்பவே வீட்டுக்குக் கிளம்பலாம்!”

அன்புக்கரசி சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். மலர்க்கொடி ஓவென்று அழுதபடி மேனேஜர் முன்னால் ஓடினாள்.

“சார், எனக்குக் குமிழியா வந்துட்சேன்னு, பொறாமையில காலைல நான்தான் பேர் சீட்டை மாத்தி ஒட்டிட்டேன்... காஞ்சு கெடக்குறது அக்காவுது சார்!”