முப்பத்தேழாம் சீட்டு

வீட்டில் நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசி, யாரும் எதையும் கேட்காமல் கிளம்பிவிடுவதால், ஆஸ்பத்திரிகளில் இருப்பதுபோல் ஒரு டோக்கன் மிஷினை வாங்கிக் கூடத்தில் வைத்தார் சபாபதி. பேச வேண்டியவர்கள் சீட்டு எடுக்க வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம். ஒருவர் பேசி முடிக்காமல் அடுத்த எண் வராது. பேசியவர்கள் உடனே அவரவர் அறைக்குப் போய்விடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி பூங்கோதை எல்லோருக்கும் முன்னால் சீட்டு எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அடுக்களையில் பூண்டு உரிக்க உட்கார்ந்தாள்.

"முப்பத்தேழு" என்றது மிஷின்.

"அம்மா, உன் நம்பர்தான். சீக்கிரம் வா, எனக்கு கிளாஸ் இருக்கு" என்று மகள் கத்தினாள்.

"வரேன், இரு."

மிஷின் முப்பத்தேழிலேயே நின்றது. காத்திருந்த மூவரும் ஒவ்வொருவராக சோபாவில் உட்கார்ந்தார்கள். பிறகு மகன் குரல் கேட்டது.

"கால்ல என்னடி கட்டு?"

"போன வாரமே விழுந்துட்டேன்."

"எங்க, காட்டு" என்றார் சபாபதி.

குழம்புக்கு உரித்தது போதும். பூங்கோதை கூடையிலிருந்து இன்னொரு பூண்டை எடுத்தாள்.