மாமனார் ஏற்றிய காந்தம்

“மாமா, உங்க வண்டி எப்போ கிளம்பும்? அது ஷெட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது, என் கார் தெருவுல காயுது.”

ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மாப்பிள்ளை ஆரம்பித்துவிட்டார்.

மாமனார் நிமிரவில்லை. செப்புக் கம்பி சுற்றிய இரண்டு இரும்புத் தண்டுகளின் மேல் காந்தத்தை வைத்து, பேட்டரி ஒயரைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

“கேக்கறது காதுல விழுதா?”

“விழுது மாப்பிள்ளை. காலையில ஸ்டார்ட் ஆயிடும். மத்தியானச் சாப்பாடு என் வீட்டுலதான்.”

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க.”

சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக மகள் வந்துவிட்டாள். “ஏங்க, எங்கப்பாவைத் துரத்தறதுலயே குறியா இருக்கீங்களே?”

“நானா துரத்தறேன்? அவரே போறேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறார். காலைப் பிடிச்சா கெஞ்ச முடியும்?”

“தனியா இருந்துதானே மயங்கி விழுந்தார்? கதவை உடைச்சில்ல உள்ள போனோம். மறந்துட்டீங்களா?”

“எப்படி மறக்கும்? உடைச்சது என் தோள்பட்டை. இன்னிக்கும் கையைத் தூக்கினா உயிர் போகுது.”

மாமனாருக்குச் சுருக்கென்றது. சொல்லிக்காட்டுகிறாரே!

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், ‘கொஞ்ச நாள்தான்’ என்று சொல்லி, யார் தடுத்தும் கேட்காமல் தன் பழைய மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டே மகள் வீட்டுக்கு வந்தவர் அவர். கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. பெண் கொடுத்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது தொண்டையில் இறங்கவில்லை. கிளம்பலாம் என்று பார்த்தால், வண்டி கிளம்பவில்லை.

பஸ் இருக்கிறதே என்றால், “வந்த வண்டியிலதான் போவேன்” என்று வீம்பு.

பேட்டரியே இல்லாத காலத்து வண்டி. எஞ்சினுக்குள் இருக்கும் காந்தத்தை நம்பித்தான் தீப்பொறி. அந்தக் காந்தம் வலுவிழந்துவிட்டது. “பழைய இரும்புக்குப் போட்டுடுங்க பெரியவரே” என்று மெக்கானிக் கைவிரித்தார்.

பெரியவர் விடுவாரா? எரிந்துபோன மோட்டாரிலிருந்து கம்பியை உருவி, காந்தத்துக்குச் சக்தி ஏற்றும் கருவியைத் தானே செய்தார். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் சாயந்தரம் மட்டும் பேட்டரி இரவல் கிடைத்தது.

கருவியில் குறை சொல்ல முடியாது. லாடம் போல வளைந்த அந்தக் காந்தம், மாலையில் ஏற்றியதும் பெரிய ஸ்பானரையே தூக்கும். கண் மங்கலானதால், வண்டியில் பூட்டுவதைக் காலை வெளிச்சத்துக்கு வைத்துக்கொள்வார். காலையில் பார்த்தால் அதே காந்தம் ஒரு ஆணியைத் தூக்கத் திணறும்.

ஆரம்பத்திலேயே மாப்பிள்ளையிடம் விளக்கியிருந்தார். “ஏத்தினதும் ரெண்டு முனைக்கும் குறுக்கே இந்த இரும்புப் பட்டையை வச்சிடணும் மாப்பிள்ளை. பட்டையை எடுத்துட்டுக் காந்தத்தை நல்லாத் தட்டினா, ஏத்தினதெல்லாம் இறங்கிடும்.”

மாப்பிள்ளை கொட்டாவி விட்டார். “எனக்கு பல்பு மாத்தவே தெரியாது. ஆளை விடுங்க மாமா.”

அன்று பக்கத்தில் நின்று கண்கொட்டாமல் கேட்டவள் மகள்தான்.

அப்படியானால் தினமும் தட்டுவது யார்? மூளையைக் கசக்க வேண்டியதே இல்லை. அப்பா போகக் கூடாது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரிகிறவள், இந்த வீட்டில் ஒருத்திதான்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார்.

காந்தத்துக்குப் பட்டையை வைத்துவிட்டு, “குளிக்கப் போறேன்!” என்று வீடு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, இடுப்பில் துண்டோடு ஜன்னலில் கண்ணை வைத்தார். எதிரே ஷெட்.

ஷெட் கதவு திறந்தது.

மகள் இல்லை. மாப்பிள்ளை!

சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பட்டையை எடுத்தார். காந்தத்தைத் தரையில் தட்டினார். தட்டும்போதெல்லாம் முகம் சுளித்துத் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கையை மாற்றித் தட்டினார். ஒரு ஆணியை ஒட்டிப் பார்த்தார். நிற்காமல் விழுந்தது. மாப்பிள்ளையின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பட்டையை இருந்தபடியே வைத்துவிட்டு, பூனைபோல வெளியே வந்தார்.

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. சோப்பின் மேல் பழி போடவும் வழியில்லை, அவர் இன்னும் தண்ணீரே ஊற்றிக்கொள்ளவில்லை.

வெளியே மாப்பிள்ளையின் குரல் எகிறியது. “மாமா! தண்ணி என்ன சும்மாவா வருது? நாளைக்காவது வண்டி கிளம்புமா, இல்லையா?”

“கிளம்பிடும் மாப்பிள்ளை.”

கிளம்பவில்லை.

“இன்னிக்கும் ஊத்திக்கிச்சா?” என்றார் மாப்பிள்ளை, காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

“கம்பி போதலை மாப்பிள்ளை. இன்னும் சுத்தணும்.”

“என்னமோ பண்ணுங்க. என் கார் பாட்டுக்குக் காயட்டும்.”

மாலையில் மாமனார் வழக்கம்போலக் காந்தத்துக்குச் சக்தி ஏற்றினார். ஸ்பானரைத் தூக்கிப் பார்த்தார். திருப்தி. “குளிக்கப் போறேன்!” என்று குரல் கொடுத்தார்.

இரண்டடி போனவர் திரும்பி வந்தார்.

பாவம், மாப்பிள்ளைக்குத் தோள்பட்டை வலி. அவருக்கு எதற்குச் சிரமம் என்று, காந்தத்தை எடுத்துத் தானே தரையில் நன்றாகத் தட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.