சேனைக்குச் சீனி இல்லை

செண்பகாவின் மணிக்கட்டில் வார் அறுத்த புண் இன்னும் ஆறவில்லை. பிள்ளையின் ரத்தத்தில் பாக்கெட் கேக்கின் கிரீம் கலந்துவிடக் கூடாது என்று, கரு உண்டான நாளிலிருந்து அதைத் தொடாமல் இருந்தாள். அந்தக் கேக்கைத் தின்கிறவர்கள் சாதுவாக இருப்பார்கள். தின்பதை விட்டவர்கள் வெறிபிடித்து அடிப்பார்கள், கடிப்பார்கள். ஊரில் எல்லா வீட்டு ஜன்னல் கம்பியிலும் தோல் வார் தொங்குவது அதற்குத்தான். என் மனைவி செண்பகாவை நான்தான் கட்டிப்போட்டேன். என் முன்பல் போனதும் அப்போதுதான்.

பிள்ளை சுத்தமாகப் பிறந்தது. அதன் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு, சேனை வைக்க என் அக்கா பேச்சி வந்தாள். தொட்டு வைக்கிறவர் குணம்தான் பிள்ளைக்கு வருமாம். அக்கா எறும்பைக்கூட மிதிக்காதவள். ஆனால் இந்தக் கேக் வந்த பிறகு சீனி எந்தக் கடையில் விற்கிறது? அவள் கேக் பாக்கெட்டைக் கிழித்து, கிரீமில் விரலைத் தோய்த்தாள்.

“ஒரு பொட்டுதானே தம்பி, ஒண்ணும் செய்யாது.”

விரல் பிள்ளையின் உதட்டை நெருங்கும்போது செண்பகா பாய்ந்து அந்த விரலைக் கடித்தாள். எலும்பு நொறுங்கியது. அக்கா அலறினாள். நான் செண்பகாவின் தாடையை இரண்டு கையாலும் பிளந்து விரலை எடுத்தபோது நுனியைக் காணவில்லை. தொட்டில் முழுக்க ரத்தம். பிள்ளையின் வாயில் மட்டும் எதுவும் படவில்லை.

“பிள்ளையை நீ காப்பாத்திட்டேட்டி,” என்று அவள் தலையைத் தடவினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. உதட்டை ஒருமுறை சுற்றி நக்கிவிட்டு, அக்காவிடம் மரியாதையாகக் கேட்டாள்.

“மைனி, கிரீம் மிச்சம் இருக்கா?”