மண்ணீரல் சாட்சி

"மான் உள்ளுக்குள்ள நடுங்கிட்டிருந்தாக்கூட வெளிய காட்டிக்காது. ஆனா அதோட ரத்தம் காட்டிக் கொடுத்துடும்" என்றபடி கால்நடை மருத்துவர் ஹூயா, சமையலறை மேசை மேலிருந்த சின்ன இயந்திரத்தை முடுக்கினாள். மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் மான்களின் ரத்தம் சுழலத் தொடங்கியது.

நியூசிலாந்தின் தெற்கே டூகலும் எஸ்மியும் நடத்தும் மான் பண்ணை அது. சில மாதங்களாக மான்கள் எடை ஏறவில்லை. டூகல்தான் அவற்றை மிரட்டுகிறான் என்பது அவன் மனைவி எஸ்மியின் கட்சி. அதனால் இன்று காலை பாதி மான்களை அவளும் மீதியை அவனும் கொட்டகைக்கு ஓட்டி வந்தார்கள். யாருடைய மான்கள் மிரண்டிருக்கின்றனவோ அவருக்கு இனி சமையலறைதான். கொட்டகைப் பக்கமே போகக்கூடாது.

"பயம் எப்படி ரத்தத்துல தெரியும், டாக்டர்?" என்று கேட்டான் டூகல்.

ஹூயாவுக்கு இதைவிடப் பிடித்த கேள்வி கிடையாது. "மண்ணீரல் ஒரு தண்ணித்தொட்டி மாதிரி. மூச்சுக்காத்தைச் சுமக்குற சிவப்பணுவை அதுல சேர்த்து வெச்சிருக்கும். மான் மிரண்டா ஓடறதுக்குத் தெம்பு வேணுமே, உடனே தொட்டி சுருங்கி எல்லாத்தையும் ரத்தத்துல கொட்டிடும். குழாயைச் சுத்தினா சிவப்பணு ஒரு பக்கமா படியும். சிவப்பு எவ்வளவு உயரமோ அவ்வளவு பயம்."

"எங்க கல்யாணத்தன்னிக்கு எனக்கு எடுத்திருந்தா குழாய் வழிஞ்சிருக்கும்."

"எனக்கும்தான்" என்றாள் எஸ்மி.

இயந்திரம் நின்றது. எஸ்மியின் மான்களுக்குச் சிவப்பு பாதிக்கும் கீழே. டூகலின் மான்களுக்குப் பாதியைத் தாண்டி நின்றது.

"உங்க மான்கள்தான் மிரண்டிருக்கு, டூகல்."

"மானைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? காலையில கண்ணாடியைப் பார்த்தா நானே ரெண்டடி பின்னால போறேன். ஹெலிகாப்டர்லேருந்து காட்டு மான் மேல குதிச்சுப் பிடிச்ச வீரன்னு மதுக்கடையில என் படம் தொங்குது. பக்கத்துலயே நான் உருளைக்கிழங்கு உரிக்கிற படத்தையும் மாட்டச் சொல்லு."

எஸ்மிக்கு மனசு கேட்கவில்லை. "வேணும்னா இன்னொரு நாள் எடுத்துப் பார்ப்போமே."

"வேண்டாம். ரத்தமே சொல்லிடுச்சு. இந்த வயசுல அதுங்களை ஏன் இம்சை பண்ணணும்?" என்று கொட்டகைச் சாவியை அவள் கையில் வைத்தான்.

ஹூயாவை வழியனுப்ப எஸ்மி வெளியே போனதும், டூகல் நாற்காலியில் சரிந்து நிம்மதியாக மூச்சு விட்டான். போன இலையுதிர் காலத்தில் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வந்த ஓர் ஆண் மான் அவனை விரட்டிக் கொட்டகைக் கூரை மேல் ஏற வைத்ததிலிருந்து, யாரும் பார்க்காத நேரமெல்லாம் வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, நாயை ஏவித்தான் அவன் மான்களை ஓட்டிக்கொண்டிருந்தான். இன்று காலையும் அப்படித்தான்.